பாரியின் தோல்

1923-ல் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகர இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில், கியார்க் ருப்ரெக்ட் என்பவரிடம் ஒரு பழைய நாய்த்தோல் வந்து சேர்ந்தது. விலங்குகளின் தோலை உரித்து உருவம் கொடுத்து நிறுத்தும் வேலை, அதாவது பாடம் செய்யும் வேலை, அவருடையது. நூறு ஆண்டுகளுக்கு மேலாக நின்ற நிலையிலேயே இருந்த அந்தத் தோல் காய்ந்து மொரமொரப்பாகி, இருபதுக்கும் மேற்பட்ட துண்டுகளாக உடைந்திருந்தது. வேறு எந்த நாயின் தோலாக இருந்தாலும் குப்பைக்குப் போயிருக்கும். ருப்ரெக்ட் துண்டுகளைப் பொறுக்கி, புது உருவம் ஒன்றின் மேல் ஒட்டவைத்து, அந்த நாயை மறுபடி எழுப்பி நிறுத்தினார். எழுந்து நின்ற நாய், பழைய நாயாக இல்லை.

தோலுக்குச் சொந்தக்காரனின் பெயர் பாரி. ஆல்ப்ஸ் பனியில் சிக்கிய நாற்பதுக்கும் மேற்பட்டவர்களைக் காப்பாற்றிய நாய் என்று ஐரோப்பா முழுவதும் பெயர் வாங்கியவன். பெர்ன் அருங்காட்சியகத்தில் பார்க்க எத்தனையோ இருக்கின்றன. மலைக் குகைகளிலிருந்து வெட்டி எடுத்த ராட்சதப் படிகங்கள் இருக்கின்றன. கண்ணாடிக்குப் பின்னால் காட்டையே அமைத்து நிறுத்திய ஆப்பிரிக்க விலங்குகள் இருக்கின்றன. ஆனாலும் அந்தக் கட்டடத்தின் முகவரி போல ஆகிவிட்டது இந்த ஒரு நாய்தான். அதன் தோல் எங்கிருந்து புறப்பட்டது, எந்தெந்தக் கைகளைக் கடந்தது, ஒவ்வொரு கையும் அதை என்ன செய்தது என்பதைப் பின்தொடர்ந்தால், ஒரு நாயின் கதையைவிடப் பெரிய கதை ஒன்று கிடைக்கிறது.

புறப்பட்ட இடம், கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 2,470 மீட்டர் உயரத்திலுள்ள பெரிய செயின்ட் பெர்னார்ட் கணவாய். வடக்கே சுவிட்சர்லாந்தின் வாலே மாநிலம்; தெற்கே இத்தாலியின் ஆவோஸ்தா பள்ளத்தாக்கு. ரோமானியர் காலத்திலேயே சாலை போட்ட வழி. வணிகர்கள், யாத்திரிகர்கள், படைகள், கூலி வேலை தேடிப் போன ஏழைகள் என்று எல்லோரும் அதன் வழியாகத்தான் ஏறி இறங்கினார்கள். மரம் கிடையாது. பனி வருஷத்தில் பாதிக்கும் மேல் கிடக்கும். மேலேயிருந்து சரிந்து வரும் பனியை அந்தப் பக்கத்து மக்கள் வெள்ளைச் சாவு என்றே அழைத்தார்கள். பதினோராம் நூற்றாண்டின் நடுவில், 1050-ஐ ஒட்டி, ஆவோஸ்தாவைச் சேர்ந்த பெர்னார்ட் என்ற குருவானவர் அங்கே வழிப்போக்கர்களுக்காக ஒரு மடம் கட்டினார். வந்தவர் யார், எந்த ஊர், கையில் காசு உண்டா என்று கேட்காமல் சோறும் படுக்கையும் கொடுக்கும் இடம். இன்றைக்கும் அகஸ்தீன் சபைத் துறவிகள் அதை நடத்துகிறார்கள்.

நாய்கள் அந்த மடத்துக்கு வந்தது பல நூற்றாண்டுகள் கழித்துத்தான். பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அடிவாரக் கிராமங்களிலிருந்து பெரிய பண்ணை நாய்களைக் காவலுக்காகக் கொண்டுவந்து வளர்த்திருக்கிறார்கள். 1707-ல் எழுதிய மடத்துக் குறிப்பு ஒன்றில் முதன்முதலாக நாய் தலைகாட்டுகிறது. அதுவும் பனிச்சரிவில் புதைந்து செத்த நாயாக. இதே காலத்தில் சமையலறையில் இறைச்சி வாட்டும் கம்பியைச் சுழற்றுவதற்கு ஒரு சக்கரம் செய்து, அதற்குள் நாயை ஓடவிட்டதாகவும் குறிப்பு இருக்கிறது. வீரச்செயல்கள் எதுவும் அப்போது இல்லை. வீட்டு வேலை, காவல், சக்கரம், அவ்வளவுதான்.

பிறகுதான் துறவிகளுக்கு ஒன்று புலப்பட்டது. மடத்திலிருந்து கீழே பூர்-சான்-பியேர் கிராமம்வரை வழிப்போக்கர்களை அழைத்துப் போகவும் கூட்டி வரவும் வேலையாட்கள் இருந்தார்கள். அவர்களோடு போன நாய்கள் அகன்ற மார்பால் பனியைப் பிளந்து வழி உண்டாக்கின. மூடுபனியில் மனிதன் கண்ணுக்குத் தெரியாத பாதையை அவை தப்பாமல் கண்டுபிடித்தன. பனிக்கு அடியில் கிடந்தவர்களையும் மோப்பம் பிடித்தன. யாரும் பயிற்சி கொடுத்ததாகத் தெரியவில்லை; இளைய நாய்கள் மூத்தவற்றைப் பார்த்துக் கற்றுக்கொண்டன. ஒரு நாய் தோண்டி எடுத்தவர்மேல் படுத்துச் சூடு கொடுக்க, இன்னொன்று மடத்துக்கு ஓடி ஆளைக் கூட்டி வரும் என்பது மடத்து மரபு. இருநூறு ஆண்டுகளில் இந்த நாய்களால் பிழைத்தவர்கள் 2,000 பேர்வரை இருக்கும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு.

பாரி பிறந்தது 1800-ல். அந்த வருஷம் மே மாதத்தில்தான் நெப்போலியன் ஏறத்தாழ 40,000 பேருடன் இதே கணவாயைக் கடந்து இத்தாலிக்குள் இறங்கினான். பீரங்கிகளைக் கழற்றி, குடைந்த மரத்தண்டுகளில் வைத்துச் சிப்பாய்கள் இழுத்துப் போனார்கள். படையெடுப்பைப் பற்றி ஓவியங்கள், புத்தகங்கள், நினைவுக்கற்கள் எல்லாம் உண்டு. அதே ஆண்டில் பிறந்த நாய்க்குட்டி பிறந்த தேதியைக்கூட யாரும் குறித்துவைக்கவில்லை. இருந்தும் இன்று அந்தக் கணவாயின் பெயரைக் கேட்டதும் உலகத்தில் பெரும்பாலானோருக்கு முதலில் நினைவுக்கு வருவது நாய்தான் என்பதில் எனக்கு ஒரு நியாயம் தெரிகிறது.

பாரி பன்னிரண்டு ஆண்டுகள் மலையில் வேலை செய்தான். முதுமை வந்ததும், 1812-ல், அவனைக் கீழே பெர்ன் நகரத்துக்குக் கொண்டுவந்தார்கள். மிச்ச நாட்களை அமைதியாகக் கழித்து, 1814-ல் பதினான்கு வயதில் இறந்தான். அந்த உயரத்தில் உழைத்த ஒரு நாய்க்கு அது நிறைவான ஆயுள். தோலை உரித்துப் பாடம் செய்து நகரத்தின் இயற்கைப் பொருள் சேகரிப்பில் வைத்தார்கள். இரண்டு ஆண்டுகள் கழித்து, 1816-ல், பெர்னில் இயற்கை வரலாற்றுப் பேராசிரியராக இருந்த ஃபிரீட்ரிக் மைஸ்னர் ஓர் ஆண்டுமலரில் பாரியைப் பற்றி எழுதினார். தோல் அருங்காட்சியகத்துக்குள்ளும், பெயர் புத்தகத்துக்குள்ளும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் நுழைந்துவிட்டன. அதற்குப் பிறகு இரண்டும் வேறு வேறு பாதையில் போயின.

பெயர் போன பாதை வேகமானது. பனிக்குகை ஒன்றில் தூங்கிப்போன சிறுவனை நக்கி எழுப்பி, முதுகில் ஏற்றி மடத்துக்குத் தூக்கி வந்தான் பாரி என்றது ஒரு கதை. நாற்பது பேரைக் காப்பாற்றி, நாற்பத்தொன்றாவதாகக் காப்பாற்றப் போனவன் இவனை ஓநாய் என்று நினைத்துக் கத்தியால் குத்திக் கொன்றான் என்றது இன்னொரு கதை. இந்த இரண்டு கதைகளும் பாரிஸ் அருகே ஆனியேரில் 1899-ல் திறந்த செல்லப்பிராணிகள் இடுகாட்டின் வாசலிலேயே கல்லில் செதுக்கப்பட்டு நிற்கின்றன: முதுகில் குழந்தையைச் சுமந்த பாரியின் சிலையும், நாற்பது பேரைக் காத்தவனை நாற்பத்தொன்றாவது ஆள் கொன்றான் என்ற வாசகமும். பெர்னில் கிழமாகிச் செத்த நாயைக் கணவாயில் யாரும் குத்தியிருக்க முடியாது. ஆனால் மனிதர்களுக்கு இந்தச் சாவு வேண்டியிருந்தது. நன்றிகெட்ட ஒருவன் இல்லாவிட்டால் நன்றியுள்ள பிராணியின் கதை முடியவில்லை என்று அவர்களுக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

தோல் போன பாதை மெதுவானது. முதலில் பாடம் செய்தவர் பாரியைத் தலைகுனிந்த நிலையில், பணிவே உருவாக நிறுத்தியிருந்தார். மண்டை தட்டையாகவும், நெற்றியிலிருந்து மூக்குக்கு இறங்கும் சரிவு மிதமாகவும் இருந்தது. நாயை உயிரோடு பார்த்தவர்கள் வாழ்ந்த காலத்தில் செய்த உருவம் அது. பாரி இன்றைய செயின்ட் பெர்னார்ட் இன நாய் போல மலையாக இருந்தவன் இல்லை. அவனுடைய எடை 40-லிருந்து 45 கிலோ இருக்கலாம் என்று கணக்கிடுகிறார்கள். இன்று அந்த இனத்து ஆண் நாய் 80 கிலோவைத் தாண்டுவது சாதாரணம். ஆழமான பனியில் நாளெல்லாம் நீந்திப் போகிற நாய்க்கு அந்த எடை எதற்கு உதவும்? சிறுவனை முதுகில் ஏற்றிக்கொண்டு மலை ஏறிய கதையை நம்பத் தயங்குவதற்கும் இந்த 40 கிலோ ஒரு காரணம்.

பாரி செத்துச் சில ஆண்டுகளுக்குள் அவனுடைய மலை வீடே தடுமாறியது. 1816-லிருந்து 1818 வரை குளிர்காலங்கள் கொடுமையாக இருந்தன. வேலைக்குப் போன நாய்கள் பனிச்சரிவுகளில் மாண்டன. எண்ணிக்கை குறைந்து போனதால் 1830 வாக்கில் நியூஃபவுண்ட்லாந்து இன நாய்களோடு கலந்து வளர்த்துப் பார்த்தார்கள். பெரிய உடம்பும் நீளமான ரோமமும் வந்தன. நீண்ட ரோமம் குளிரைத் தாங்கும் என்று நினைத்தது தப்பாகப் போயிற்று. ரோமத்தில் பனி உருண்டை உருண்டையாக உறைந்து தொங்கி, நாயைக் கீழே இழுத்தது. அந்த நீளமுடி நாய்களைத் துறவிகள் பள்ளத்தாக்கு மக்களுக்குக் கொடுத்துவிட்டார்கள். மலையில் வேலைக்கு உதவாதவை கீழே அழகுக்காக வளர்ந்தன. இன்று உலகம் செயின்ட் பெர்னார்ட் என்று அறிந்திருக்கிற புசுபுசு ரோமத்துக்கு ஒரு வேர் இந்தத் தோல்வியில் இருக்கிறது.

இதற்கிடையே லண்டனில் ஒரு பையன் தூரிகையை எடுத்தான். 1820-ல் எட்வின் லேண்ட்சீயருக்கு வயது பதினெட்டுதான். பனியில் மயங்கிக் கிடக்கும் வழிப்போக்கனை இரண்டு மலை நாய்கள் எழுப்புவதாக அவர் தீட்டிய ஓவியத்தில், ஒரு நாயின் கழுத்தில் சின்னப் பீப்பாய் ஒன்று தொங்கியது. அதற்குள் பிராந்தி. மடத்து நாய்கள் பீப்பாய் கட்டிக்கொண்டு போனதற்கு மடத்தில் ஆதாரம் எதுவும் இல்லை. உறைந்து கிடப்பவனுக்குப் பிராந்தி கொடுப்பதும் நல்லதல்ல. தோலுக்கு அடியிலுள்ள இரத்தக்குழாய்கள் விரிந்து, உடம்பில் மிச்சமிருக்கிற சூட்டையும் வெளியே விட்டுவிடும். படத்துக்கு இதெல்லாம் பொருட்டில்லை. அச்சுப் பிரதிகளாகப் பெருகி ஐரோப்பாவின் வீட்டுச் சுவர்களுக்குப் போயிற்று. கடைசியில் பெர்னில் பாடம் செய்து நின்ற பாரியின் கழுத்துக்கும் ஒரு பீப்பாய் வந்து சேர்ந்தது. வரைந்தவர் பாரியைப் பார்த்து வரையவில்லை. பாரியைத்தான் படத்தைப் பார்த்துத் திருத்தினார்கள்.

உயிருள்ள நாய்களையும் விட்டுவைக்கவில்லை. 1855-லிருந்து ஹைன்ரிக் ஷூமாக்கர் என்பவர் பெர்ன் அருகே ஹோலிகனில் பழைய பாரி வகை நாய்களைத் திருப்பிக் கொண்டுவருவதையே குறிக்கோளாக வைத்து வளர்த்தார். மடத்துக்கும் நாய் கொடுத்தார். ஆனால் வெளிநாடுகளில், முக்கியமாக இங்கிலாந்தில், கண்காட்சிகளுக்கு வேண்டியிருந்தவை இன்னும் பெரிய தலை, இன்னும் கனத்த உடம்பு. 1884-ல் சுவிட்சர்லாந்து நாய் வம்சப் பதிவேடு தொடங்கியபோது அதன் முதல் பக்கங்களை நிரப்பியவை செயின்ட் பெர்னார்ட் நாய்களே. 1887-ல் ஜூரிக்கில் கூடி, இந்த இனத்து நாய் எப்படி இருக்க வேண்டும் என்று எழுத்தில் தீர்மானித்தார்கள். நெற்றி இப்படி, மூஞ்சி இப்படி, புருவமேடு இப்படி என்று. எழுதிவைத்ததற்கு ஏற்பத் தேர்ந்தெடுத்து இனப்பெருக்கம் செய்தார்கள்.

ருப்ரெக்ட் 1923-ல் துண்டுகளை எடுத்து உட்கார்ந்தபோது அவருடைய மனத்தில் இருந்த செயின்ட் பெர்னார்ட் இந்த நாய்தான். பழைய உருவத்தின் தட்டைத் தலை அவருக்குப் பொருந்தவில்லை. அடியோடு மாற்றவும் அவருக்கு மனம் வரவில்லை போலும். முன்பு இருந்ததற்கும் தான் விரும்பியதற்கும் நடுவே ஒரு சமரசம் செய்தார். தலை பெரிதாயிற்று. நெற்றிக்கும் மூக்குக்கும் இடையிலுள்ள பள்ளம் ஆழமாயிற்று. குனிந்திருந்த தலை நிமிர்ந்தது. ஊழியனாக நின்ற நாய் வீரனாக நின்றது. நான் ருப்ரெக்ட்டைக் குறை சொல்ல மாட்டேன். அவர் இல்லாவிட்டால் தோலே மிஞ்சியிருக்காது. ஆனால் கண்ணாடிக்குப் பின்னால் நிற்கும் அந்த முகத்தைப் பாரியின் முகம் என்று நம்பிக் கும்பிடுவதற்கும் இடமில்லை. 1800-ல் பிறந்த நாயின் ரோமம், 1920-களின் நாயுடைய தலைமேல் போர்த்தியிருக்கிறது.

இதை ஊகமாகச் சொல்லாமல் அளந்தே சொல்ல முடிகிறது என்பதுதான் இந்த அருங்காட்சியகத்தின் அருமை. கூடத்தில் நிற்கும் ஒரு பாரிக்குப் பின்னால், பொதுமக்கள் பார்க்காத அறைகளில், நாய் மண்டையோடுகளின் பெரிய சேகரிப்பு ஒன்று இருக்கிறது. நிலவியலாளரும் நாய்கள்மேல் தீராத ஈடுபாடு கொண்டவருமான ஆல்பர்ட் ஹைம் பெயரிலுள்ள அறக்கட்டளை அதை வளர்த்து வருகிறது. மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் ஏபி டிரேக், கிறிஸ்டியன் கிளிங்கன்பெர்க் இருவரும் அங்கிருந்த செயின்ட் பெர்னார்ட் மண்டையோடுகள் 47-ஐ எடுத்து அளந்தார்கள். ஏறக்குறைய 120 ஆண்டுகளில் பிறந்து இறந்த நாய்கள் அவை. ராயல் சொசைட்டியின் ஆய்விதழில் முடிவு வந்தது. காலம் செல்லச் செல்ல மண்டை அகலமாகியிருக்கிறது. மூஞ்சிக்கும் நெற்றிக்கும் இடையிலான கோணம் செங்குத்தாகியிருக்கிறது. கண்ணுக்கு மேலுள்ள எலும்பு மேடு புடைத்திருக்கிறது. மாறிய ஒவ்வொன்றும் இன விதிமுறையில் எழுதிவைத்த ஆசைகளோடு ஒத்துப்போனது. மலையோ பனியோ கேட்காத மாற்றங்கள் இவை. மூச்சுவிடவோ, மெல்லவோ, ஓடவோ நாய்க்கு இவற்றால் ஆகும் உதவி எதுவும் இல்லை. சில தலைமுறை மனிதர்கள் விரும்பினார்கள் என்ற ஒரே காரணத்துக்காக எலும்பு வளைந்து கொடுத்திருக்கிறது.

ருப்ரெக்ட் தன் பட்டறையில் பாரியின் தலைக்குச் செய்ததையே வளர்ப்பவர்கள் உயிருள்ள தலைகளுக்குச் செய்திருக்கிறார்கள், அதே திசையில். அந்த 47 மண்டையோடுகளை யாரும் இந்த ஆய்வை மனத்தில் வைத்துச் சேர்க்கவில்லை. செத்த நாயை வீணாக்காமல் ஒவ்வொன்றாக எடுத்துத் துடைத்து, தேதி எழுதி, பெட்டியில் வைத்தவர்கள் பல தலைமுறை ஊழியர்கள். அருங்காட்சியகத்துக்குப் போகிறபோது கூடத்தைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறோம். கண்ணில் படாத அந்தப் பெட்டிகளுக்காகவும் நாம் நன்றி சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம்.

இந்த இடத்தில் மலைமேலுள்ள இன்னொரு சேகரிப்பைச் சொல்லாமல் நகர என்னால் முடியாது. காப்பாற்ற முடியாமல் போனவர்களைத் துறவிகள் மடத்தை ஒட்டிய ஒரு சாவறையில் வைத்தார்கள். பாறையும் உறைபனியுமான அந்த மண்ணில் குழி வெட்ட வழியில்லை. உறவினர் யாராவது தேடி வந்து அடையாளம் காட்டக்கூடும் என்ற எண்ணமும் இருந்தது. வந்தவர்கள் குறைவு. குளிரில் அழுகாமல் காய்ந்துபோன உடல்கள், கண்டெடுத்த நிலையிலேயே, வருஷக்கணக்கில் சுவரோரம் நின்றன. 1846-ல் அங்கே போன சார்லஸ் டிக்கன்ஸை அந்தக் காட்சி விடவில்லை. பிறகு தன் லிட்டில் டாரிட் நாவலில் அந்த அறைக்கு இடம் கொடுத்தார். பின்னாளில் அறையை மூடிவிட்டார்கள். காப்பாற்றிய நாய்க்குப் பெயரும் கண்ணாடிப் பெட்டியும் உண்டு. அதே பனியில் செத்த மனிதர்களில் பலருக்குப் பெயர்கூடக் கிடைக்கவில்லை. கூலிக்காரர்களும், ஊர்விட்டு ஊர் போன ஏழைகளும், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடந்த தாய்களும் அவர்கள். பாரியின் முன்னால் நிற்கிறவர்கள் அவர்களையும் ஒரு கணம் எண்ணிப்பார்த்தால் நாற்பது என்ற எண்ணின் கனம் புரியும். நாற்பது பேர் அந்த அறைக்குப் போகாமல் வீட்டுக்குப் போனார்கள்.

பீப்பாயின் கதை இன்னும் கொஞ்சம் இருக்கிறது. 1978-ல் அருங்காட்சியக இயக்குநராக இருந்த வால்ட்டர் ஹூபர், பொய்யை அறிவியல் கூடத்தில் தொங்கவிடக் கூடாது என்று பாரியின் கழுத்திலிருந்து அதைக் கழற்றினார். பின்னால் பீப்பாய் திரும்பி வந்துவிட்டது. ஹூபர் செய்தது சரி என்றே முதலில் தோன்றும். எனக்கென்னவோ, திரும்பி வந்ததும் சரிதான் என்று படுகிறது. ஆனால் பக்கத்தில் உண்மையை எழுதிவைத்தால்தான். அந்தப் பீப்பாயும் 1923-ன் தலையும் இந்தத் தோலின் பயணத்தில் நேர்ந்தவை. கழற்றி எறிந்தால், மனிதர்கள் இந்த நாயை என்ன செய்தார்கள் என்ற சாட்சியமும் சேர்ந்து போய்விடும். 2014-ல், பாரி இறந்து இருநூறு ஆண்டு நிறைந்தபோது, அருங்காட்சியகம் அவனுக்கென்றே புதிய கண்காட்சி ஒன்றைத் திறந்தது. அதில் கதையையும் நடந்ததையும் பிரித்துக் காட்டுகிறார்கள். தட்டைத் தலையும் குனிந்த கழுத்துமாக, 1814-ல் இருந்த உருவத்தின் மாதிரி ஒன்றை முழு அளவில் செய்து அருகிலேயே நிறுத்தினால் இன்னும் நன்றாக இருக்கும் என்பது என் ஆசை.

மலையில் இப்போது நாய்க்கு அந்த வேலை இல்லை. 1964-ல் கணவாய்க்கு அடியில் சுரங்கச் சாலை திறந்தபின் குளிர்காலத்தில் யாரும் பிழைப்புக்காக மேலே ஏறி நடக்க வேண்டியதில்லை. பனியில் சிக்கியவர்களைத் தேட ஹெலிகாப்டர் வருகிறது. அதில் ஏற்றிப் போக 80 கிலோ நாயைவிட இலகுவான நாய்களே தோது. 2005-லிருந்து மடத்து நாய்களை மார்த்தினி நகரத்தில் ஓர் அறக்கட்டளை பார்த்துக்கொள்கிறது. அங்கே பிறக்கும் குட்டிகளில் ஒன்றுக்கு எப்போதும் பாரி என்று பெயர் வைக்கும் வழக்கம் தொடர்கிறது. வளர்ந்த நாய்களை முதியோர் இல்லங்களுக்கும் பள்ளிகளுக்கும் கூட்டிப் போகிறார்கள். கணவாய்ச் சாலை திறந்திருக்கும் கோடை மாதங்களில் சில நாய்கள் மடத்துக்கு ஏறிப் பயணிகளோடு நடக்கின்றன. பெர்னிலிருந்து ரயிலில் மார்த்தினி போய், அங்கிருந்து மலை ஏறிப் போகிறவர்கள் அவற்றின் கழுத்தைத் தடவிப் பார்க்கலாம். பனிக்காலம் தொடங்குவதற்கு முன்பு அவற்றைக் கீழே அழைத்து வந்துவிடுவார்கள்.